கெர்னலுக்குள் ஒரு காவலாளி: வீடியோ கேம் உலகின் தீராத சண்டை

பல பேர் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்று புதிதாக வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தால் போதும். கிராஃபிக்ஸ் எப்படி, விலை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்து நிற்கிறது: ‘இதுவும் கெர்னலுக்குள் ஆன்டி-சீட் போடுமா?’ கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. ஆன்டி-சீட் என்பது ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் காவல் நிரல். போடும் என்று தெரிந்ததும் இரண்டு கட்சி பிரிந்துவிடும். ‘ஒரு விளையாட்டுக்காக என் கணினியின் அடிமடியில் உளவாளியை உட்காரவைக்க மாட்டேன்’ என்பவர்கள் ஒரு பக்கம். ‘ஏமாற்றுக்காரர்களோடு ஆடி வெறுத்துப் போய்விட்டது, எதை வேண்டுமானாலும் போடுங்கள்’ என்பவர்கள் மறுபக்கம்.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சண்டை பெரும்பாலும் தவறான இடத்தில் நடக்கிறது என்பது என் எண்ணம். அந்தரங்கம் பறிபோகும் என்ற பயத்தைக் ‘கெர்னல்’ என்ற ஒரே சொல்லில் கொண்டுபோய்க் கட்டிவிட்டோம். அதனால் கெர்னல் பக்கமே போகாமல் நடக்கும் வேவு கண்ணில் படுவதில்லை. கெர்னலால் உண்மையிலேயே வரக்கூடிய ஆபத்தையும் யாரும் சரியாகப் பேசுவதில்லை.

முதலில் ஏமாற்று வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஆன்லைன் கேமில் சர்வர் ஒரு பக்கம், ஆடுபவரின் கணினி ஒரு பக்கம். எதிரி எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் ஓடுகிறான் என்பதையெல்லாம் சர்வர் நம் கணினிக்கு அனுப்புகிறது. அவன் சுவருக்குப் பின்னால் இருந்தாலும் அனுப்பிவிடும். ஏனென்றால் அடுத்த நொடியே அவன் மூலையைத் திரும்பி வெளியே வரலாம். அப்போதுதான் தகவல் கேட்டு வாங்குவதென்றால் திரையில் அவன் திடீரென்று முளைத்தது போலத் தெரியும். ஆக, நாம் பார்க்கக் கூடாத தகவல் நம் கணினியின் நினைவகத்தில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் படித்துத் திரையில் காட்டிவிட்டால் அது வால்ஹேக். குறியை எதிரியின் தலைக்குத் தானாக இழுத்துக்கொண்டு போனால் அது எய்ம்பாட்.

இதற்கு ‘எல்லாவற்றையும் சர்வரிலேயே சரிபார்த்தால் தீர்ந்தது’ என்ற பதில் எல்லா விவாதத்திலும் வரும். பாதி சரி. வேலரண்ட் கேமை உருவாக்கிய ரயட் நிறுவனம், எதிரி கண்ணில் படப்போகும் தருணம் வரை அவன் இருக்கும் இடத்தை அனுப்பாமல் நிறுத்திவைக்கும் முறையைச் செய்திருக்கிறது. வால்ஹேக்கின் பயன் அதனால் வெகுவாகக் குறைகிறது. ஆனால் எய்ம்பாட் விஷயத்தில் சர்வருக்குத் தெரிவதெல்லாம் மவுஸ் எப்படி நகர்ந்தது என்பது மட்டும்தான். மிக நன்றாக ஆடும் ஒருவரையும், அளவோடு ஏமாற்றும் ஒருவரையும் அதை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம். வால்வ் நிறுவனம் கவுன்டர்-ஸ்ட்ரைக் கேமில் இதற்காகவே வாக்நெட் என்ற இயந்திரக் கற்றல் அமைப்பை வளர்த்து வருகிறது. அப்படியிருந்தும் அந்த கேமைத் தீவிரமாக ஆடும் பலர், கெர்னல் ஆன்டி-சீட் வைத்திருக்கும் ஃபேசிட் போன்ற வெளித் தளங்களுக்குத் தாங்களாகவே போகிறார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கெர்னலை எதிர்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும்.

சரி, கெர்னல் எங்கிருந்து வந்தது? இன்றைய கணினிச் செயலிகளில் அதிகார அடுக்குகள் உண்டு. நாம் திறக்கும் பிரவுசர், பாட்டுக் கேட்கும் ஆப், கேம் எல்லாம் மேலடுக்கில் ஓடும். அதற்கு வளையம் 3 என்று பெயர். இயங்குதளத்தின் கருவும் வன்பொருளை இயக்கும் ட்ரைவர்களும் வளையம் 0-வில் ஓடும். கீழே இருப்பது மேலே நடப்பதையெல்லாம் பார்க்கலாம், மாற்றலாம், மறைக்கலாம். மேலே இருப்பதற்கு அந்த வசதி இல்லை. ஏமாற்று மென்பொருள் எழுதுபவர்கள் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். ஆன்டி-சீட் மேலடுக்கில் இருந்தால், ஏமாற்று மென்பொருள் கீழடுக்குக்குப் போய், ‘இந்த நினைவகத்தில் ஒன்றுமில்லை’ என்று இயங்குதளத்தையே பொய் சொல்லவைக்கும். ஆன்டி-சீட் பின்தொடர்ந்து கீழே இறங்கியது. 64-பிட் விண்டோஸில், யார் வெளியிட்டது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பமிட்ட ட்ரைவர்கள் மட்டுமே கெர்னலுக்குள் போக முடியும் என்று விதி உண்டு. அதைத் தாண்டுவதற்கு ஏமாற்று மென்பொருள் எழுதுபவர்கள் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு நிறுவனம் எப்போதோ கையொப்பமிட்டு வெளியிட்ட, ஓட்டை உள்ள பழைய ட்ரைவரைக் கொண்டுவந்து நிறுவி, அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைகிறார்கள். யார் முதலில் உள்ளே போகிறாரோ அவர் கை ஓங்குகிறது. கேம் திறக்காத நேரத்திலும், கணினியை ஆன் செய்தவுடனேயே ரயட்டின் ஆன்டி-சீட்டான வான்கார்ட் ஏற்றப்படுவதற்குக் காரணம் இதுதான்.

2020 ஏப்ரலில் வேலரண்டின் சோதனைப் பதிப்பு வந்தபோது மக்களைக் கொதிக்கவைத்ததும் இதே விஷயம்தான். கேம் ஆடாத நேரத்திலும் எதற்காக அது ஓட வேண்டும்? அதோடு, கணினியின் வெப்பநிலையைக் காட்டும் சின்னச் சின்னக் கருவிகள் சிலவற்றின் ட்ரைவர்களை வான்கார்ட் தடுத்தது. அவற்றில் ஓட்டை இருந்தது உண்மை. ஆனால் என் கணினியில் எது ஓடலாம் என்று ஒரு கேம் நிறுவனம் முடிவெடுப்பதா என்ற கேள்வியும் உண்மை. வான்கார்டை அணைத்துவைக்கும் வசதியை ரயட் பிறகு கொடுத்தது. மறுபடி ஆட வேண்டுமென்றால் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ரயட் முழுவதும் சீனாவின் டென்சென்ட் நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால் ‘சீன உளவு’ என்ற பேச்சும் எழுந்தது. விவாதத்தை மிகவும் கெடுத்தது இந்தப் பேச்சு என்பேன். ஆதாரம் எதுவும் இல்லாமல், கேட்பவரின் பயத்தை மட்டும் நம்பி நிற்கும் வாதம் அது.

அந்தரங்கம் என்று வரும்போது ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் நிறுவும் எந்தச் சாதாரண விண்டோஸ் நிரலும், வளையம் 3-இல் இருந்தபடியே, உங்கள் கணக்கில் உள்ள ஆவணங்களைப் படிக்கலாம். படங்களைப் பார்க்கலாம். திரையைப் படம் பிடிக்கலாம். என்னென்ன நிரல்கள் ஓடுகின்றன என்று பட்டியல் எடுக்கலாம். இதற்கெல்லாம் கெர்னல் தேவையே இல்லை. கெர்னலுக்குள் போகாத கேம் என்றால் அந்தரங்கம் பத்திரம் என்று நினைப்பது பெரிய தவறு.

பழைய கதைகளைப் பாருங்கள். 2005-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமோடு வந்த வார்டன் என்ற காவல் நிரலை, கிரெக் ஹோக்லண்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் பிரித்துப் பார்த்தார். கணினியில் திறந்திருக்கும் மற்ற ஜன்னல்களின் தலைப்புகளை அது படிப்பதைக் கண்டார். ஜன்னல் தலைப்பு என்றால், நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் மின்னஞ்சலின் பொருளாகவும் இருக்கலாம், பார்த்துக்கொண்டிருக்கும் இணையப் பக்கத்தின் பெயராகவும் இருக்கலாம். இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் அதை உளவு மென்பொருள் என்றே சொன்னது. கேமை உருவாக்கிய பிளிசார்ட் தரப்பு, ஏமாற்று நிரல்களின் அடையாளத்தைத்தான் தேடுகிறோம், ஆட்களின் தகவலை அல்ல என்றது. அன்று தொடங்கிய வாக்குவாதம் வார்த்தைகூட மாறாமல் இன்றும் நடக்கிறது. அந்த வார்டன் ஓடியது மேலடுக்கில்.

2014 பிப்ரவரியில் வால்வின் ஆன்டி-சீட் மேல் அடுத்த புகார் எழுந்தது. நீங்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனீர்கள் என்பதன் சுவடு கணினியில் டிஎன்எஸ் கேஷ் என்ற இடத்தில் இருக்கும். அதை வால்வ் படிக்கிறது என்றார்கள். நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல் நேரடியாகவே பதில் எழுதினார். காசு வாங்கி விற்கப்படும் ஏமாற்று மென்பொருள்கள், வாங்கியவர் பணம் கட்டினாரா என்று பார்க்கத் தங்கள் சர்வரோடு பேசுகின்றன. அந்த வகை ஏமாற்று மென்பொருள் இருப்பதாகத் தெரிந்த கணினியில் மட்டும், அந்த சர்வரின் பெயர் டிஎன்எஸ் கேஷில் இருக்கிறதா என்று பார்த்தோம் என்றார். ஆயிரத்தில் ஒரு கணினிக்கும் குறைவாகவே அந்த இரண்டாவது சோதனை நடந்தது. 570 பேர் பிடிபட்டார்கள். ஏமாற்று மென்பொருள் எழுதுபவர்கள் 13 நாளில் தப்பிக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அதன்பின் அந்தச் சோதனையால் பயன் இல்லாமல் போனது.

எனக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. என்ன பார்த்தோம், எப்போது பார்த்தோம், எதை அனுப்பினோம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. ஆனால் புகார் வெடித்த பிறகுதான் அது வந்தது. ஆன்டி-சீட் நிறுவனங்கள் முன்கூட்டியே வாய் திறக்காததற்கு ஒரு காரணம் இருக்கிறது. எதைத் தேடுகிறோம் என்று சொன்னால் கேள்வித்தாளை முதல் நாளே கொடுத்தது போல ஆகிவிடும். அதனால் ஆடுபவர் எதையும் சரிபார்க்க வழியில்லாமல் வெறும் வாக்குறுதியை நம்ப வேண்டியிருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அந்தரங்கப் பிரச்சினையின் வேர் இந்த ரகசியத்தில்தான் இருக்கிறது. நிரல் எந்த வளையத்தில் ஓடுகிறது என்பது இரண்டாம்பட்சம்.

நம்பிக்கை உடைந்த கதையும் உண்டு. 2013-இல் இஎஸ்இஏ என்ற போட்டித் தளத்தின் ஆன்டி-சீட் நிரலுக்குள், உள்ளே வேலை செய்த ஒருவர் பிட்காயின் தோண்டும் நிரலைச் சேர்த்துவிட்டார். சுமார் 14,000 கணினிகள் உரிமையாளருக்குத் தெரியாமல் பிட்காயின் தோண்டின. நியூ ஜெர்சி மாநிலம் நடவடிக்கை எடுத்து, அதே ஆண்டு நவம்பரில் 10 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட நிரலாக இருந்தாலும், அதை இயக்குபவர்கள் மனிதர்கள்தான் என்று இந்தச் சம்பவம் காட்டிவிட்டது.

அப்படியானால் கெர்னலை எதிர்ப்பதற்குக் காரணமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. 2016 செப்டம்பரில் கேப்காம் நிறுவனம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்கு ஒரு புதுப்பிப்பு வெளியிட்டது. ஏமாற்றுவதைத் தடுக்க ஒரு கெர்னல் ட்ரைவரும் கூடவே வந்தது. கணினியில் ஓடும் எந்தச் சாதாரண நிரலும் அந்த ட்ரைவரிடம் தன் கட்டளைகளைக் கொடுத்து, ‘இதைக் கெர்னலின் அதிகாரத்தில் ஓட்டு’ என்று சொன்னால், அது அப்படியே ஓட்டிவிடும். விண்டோஸ் வைத்திருந்த தடுப்பை அதுவே சற்று நேரம் அணைத்துவிட்டு அந்த வேலையைச் செய்தது. சில நாட்களுக்குள் கேப்காம் மன்னிப்புக் கேட்டுப் புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் கையொப்பமிட்ட கோப்பு உலகத்தில் பரவிவிட்டதே. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

அடுத்த கட்டம் 2022-இல் வந்தது. கென்ஷின் இம்பாக்ட் கேமின் ஆன்டி-சீட் ட்ரைவரை, பணம் பறிக்கும் ரேன்சம்வேர் கும்பல் ஒன்று ஆயுதமாகப் பயன்படுத்தியதை ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் அம்பலப்படுத்தியது. தாக்குபவர்கள் அந்த ட்ரைவர் கோப்பை மட்டும் தங்களோடு கொண்டுவந்து, கணினியில் நிறுவி, அதன் அதிகாரத்தால் வைரஸ் தடுப்பு மென்பொருளைக் கொன்றுவிட்டார்கள். பாதிக்கப்பட்ட கணினியில் அந்த கேம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வாழ்நாளில் ஒரு கேமும் ஆடாத ஒருவரின் அலுவலகக் கணினியைக்கூட இப்படித் தாக்கலாம். ‘உனக்குப் பிடிக்கவில்லையென்றால் நிறுவாதே’ என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டும். அவசரமாக எழுதிக் கையொப்பமிட்ட ஒரு ட்ரைவரின் விலையை, நிறுவாதவர்களும் கொடுக்கிறார்கள். கெர்னல் ஆன்டி-சீட்டுக்கு எதிராக நான் கேட்டதிலேயே வலுவான வாதம் இதுதான். உளவு பற்றிக் கத்துகிற சத்தத்தில் இது அமுங்கிப்போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2005-ஆம் ஆண்டுக்கு ஒரு நிமிடம் திரும்ப வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில், சோனி பிஎம்ஜி தன் இசைக் குறுவட்டுகள் வழியாக ரூட்கிட் என்ற, தன்னையே மறைத்துக்கொள்ளும் நிரலை ரகசியமாக நிறுவுவதை மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர் கண்டுபிடித்து வெளியிட்டார். குறிப்பிட்ட எழுத்துகளில் பெயர் தொடங்கும் கோப்புகள் அனைத்தையும் அது கணினியிலிருந்து மறைத்துவிடும். சில நாட்களிலேயே வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஏமாற்றுக்காரர்கள் தங்கள் கோப்புகளுக்கும் அதே எழுத்துகளை முன்னால் சேர்த்து வார்டனின் கண்ணிலிருந்து மறைத்தார்கள். பாட்டைத் திருடக் கூடாது என்று ஒரு நிறுவனம் கெர்னலில் போட்ட பூட்டு, இன்னொரு நிறுவனத்தின் கேமில் ஏமாற்றுபவருக்கு உதவியது. இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பாடம் நம் முன்னால் இருந்தது.

மறுதரப்பின் வலியையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதக்கணக்கில் ஏறி வந்த ரேங்க், ஒரே மாலையில் இரண்டு மூன்று எய்ம்பாட்காரர்களால் சரிந்துபோவதைப் பார்த்தவருக்குத்தான் அந்தக் கோபம் புரியும். எதிரில் நன்றாக ஆடும் ஒவ்வொருவர் மீதும் சந்தேகம் வந்துவிடுகிறது. உண்மையிலேயே திறமையானவர்களும் திட்டு வாங்குகிறார்கள். ஏமாற்று மென்பொருள் வீட்டில் உட்கார்ந்து ஒரு பையன் விளையாட்டாக எழுதுவது என்ற காலம் போய்விட்டது. மாதச் சந்தா, வாடிக்கையாளர் சேவை, புதுப்பிப்பு எல்லாம் உள்ள தொழில் அது. 2021-இல் சீனாவின் குன்ஷான் காவல்துறை டென்சென்ட்டோடு சேர்ந்து ஒரு கும்பலைப் பிடித்தபோது, கைப்பற்றிய சொத்தின் மதிப்பு மட்டும் சுமார் 4.6 கோடி டாலர். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் ‘நேர்மையாக ஆடுங்கள்’ என்று கேட்டுக்கொள்வதால் ஒன்றும் நடக்காது.

ஆனால் கெர்னல் காவல் அந்தத் தொழிலை ஒழித்ததா? இல்லை. ஏமாற்றுவதற்கான செலவைக் கூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அது சின்ன விஷயம் இல்லை, சும்மா முயன்று பார்ப்பவர்கள் விலகிப்போகிறார்கள். காசு செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள் டிஎம்ஏ அட்டைக்குப் போய்விட்டார்கள். மதர்போர்டில் செருகும் அந்த அட்டை, கேம் ஓடும் கணினியின் நினைவகத்தை நேரடியாகப் படித்து, பக்கத்தில் இருக்கும் இரண்டாவது கணினிக்கு அனுப்பிவிடும். ஏமாற்று மென்பொருள் கேம் ஓடும் கணினியில் இல்லவே இல்லை. கெர்னலில் எவ்வளவு தேடினாலும் அகப்படாது. இதைத் தடுக்க ஐஓஎம்எம்யு என்ற வன்பொருள் தடுப்பு உண்டு. 2025 டிசம்பரில் ரயட்டின் ஆய்வாளர்கள், முன்னணி நிறுவனங்கள் பலவற்றின் மதர்போர்டுகளில் அந்தத் தடுப்பு ஆன் ஆகியிருப்பதாகக் காட்டிக்கொண்டாலும் கணினி தொடங்கும் முதல் கணங்களில் உண்மையில் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்தார்கள். நிறுவனங்கள் திருத்தம் வெளியிட்டன. ஆன்டி-சீட் வேலையால் கேம் ஆடாதவர்களுக்கும் நன்மை நடந்த சம்பவம் இது. நேர்மையாக விவாதிப்பவர் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

சம்மதம் என்ற விஷயத்தில் மட்டும் சமீபத்தில் நல்லது நடந்திருக்கிறது. 2020 மார்ச்சில் வெளியான டூம் எட்டர்னல் கேமை, தனியாக ஆடும் கதைக்காகவே பலர் வாங்கினார்கள். மே மாதம் ஒரு புதுப்பிப்பில் டெனுவோ ஆன்டி-சீட்டின் கெர்னல் ட்ரைவர் வந்து சேர்ந்தது. காசு கொடுத்து வாங்கி முடித்த பிறகு நிபந்தனையை மாற்றுவது என்ன நியாயம் என்று பெரிய எதிர்ப்பு கிளம்பி, ஒரு வாரத்துக்குள் அதை நீக்கப்போவதாக அறிவித்தார்கள். 2024 அக்டோபரிலிருந்து, வால்வ் நடத்தும் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில், கெர்னல் ஆன்டி-சீட் இருந்தால் அதை விற்பனைப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஆடுபவர்கள் விடாமல் கேட்டதால் கிடைத்த பலன் இது.

இப்போது சண்டை நகர்ந்துகொண்டிருக்கும் இடம் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 2024 அக்டோபர் கடைசியில், ஏமாற்றுக்காரர்கள் அதிகம் என்ற காரணத்தைச் சொல்லி ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் கேமை லினக்ஸ் இயங்குதளத்தில் ஆட முடியாதபடி இஏ நிறுவனம் தடுத்தது. லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவி வைத்திருந்தவர்களும் சேர்ந்து வெளியே போனார்கள். கணினி தொடங்கும்போதே மென்பொருளின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடும் கேம்கள் கூடிவருகின்றன. கணினி தொடங்கியதிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட மென்பொருள்கள் மட்டுமே ஓடின என்று ஒரு சிப் சான்று கொடுத்தால்தான் ஆட்டத்தில் சேரலாம் என்ற நிலைமையை நோக்கிப் போகிறோம்.

இன்னொரு பக்கம், 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு தவறான புதுப்பிப்பு, கெர்னலில் இருந்த காரணத்தால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்கவைத்தது. அதன்பிறகு பாதுகாப்பு மென்பொருள்களைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுவர மைக்ரோசாஃப்ட் வேலை செய்கிறது. ஆன்டி-சீட்டும் ஒருநாள் அதே வழியில் வெளியே வரலாம். வந்தால் ஓட்டை ட்ரைவர்களின் தொல்லை குறையும், அதை நான் முழு மனதோடு வரவேற்பேன். ஆனால் அப்போது எந்தக் கணினி நம்பகமானது என்று சொல்லும் அதிகாரம் இயங்குதளம் விற்கும் நிறுவனத்தின் கைக்குப் போகும். லினக்ஸ் போட்டவர், தன் கணினியில் தானே மாற்றம் செய்துகொண்டவர், பழைய மதர்போர்டு வைத்திருப்பவர் எல்லோரும் எந்தத் தப்பும் செய்யாமலேயே சந்தேகத்துக்குரியவர்கள் ஆகிவிடுவார்கள். அந்தச் சான்றை யார் தருவது, மறுத்தால் யாரிடம் முறையிடுவது, முறையீட்டை எத்தனை நாளில் விசாரிப்பார்கள் என்பதற்கான விதிகள் இன்னும் எழுதப்படவில்லை. கெர்னலைப் பற்றி இவ்வளவு ஆவேசமாக வாதாடுகிற அதே ஆட்கள் இந்தக் கேள்விகளை இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நிபந்தனைகள் ஒவ்வொரு கேமாக நடைமுறைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.